நாலு சுவிசேஷமும் ஒரு மோட்டார் படகும்

"ஐயோஓஓஓ...!"

அலறல் பொக்கிஷ அறைக்குள்ளிருந்து வந்தது.

கோயிலைச் சுற்றிக் காப்பி மரங்களில் ரகளை செய்துகொண்டிருந்த குரங்குகள்கூட சட்டென்று அடங்கிப் போயின.

முதலில் ஓடி வந்தவர் கிதானே. ஆட்டுத் தோலில் வேதத்தைப் பிரதி எழுதுகிறவர். கையில் நாணல் பேனா. விரலெல்லாம் மை.

வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே... தரையில்... மல்லாக்க... அப்பா லிபானோஸ்!

பொக்கிஷ அறையின் சாவிக்குப் பொறுப்பான துறவி; துறவிகளை அங்கே 'அப்பா' என்றுதான் அழைப்பார்கள். வாய் பிளந்திருந்தது. கண்கள் மேலே செருகியிருந்தன.

"போயிட்டாரு!" என்றார் கிதானே. "அப்பா போயிட்டாரு!"

பின்னாலேயே மூச்சிரைக்க வந்தார் மடத்தின் தலைவர் மெம்ஹிர் தெக்லே. பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"நல்ல மனுஷன். நோன்புக் காலத்துல போயிருக்கான். நேரா சொர்க்கம்தான்."

பிணம் எழுந்து உட்கார்ந்தது.

"நான் எங்கயும் போகல மெம்ஹிரே!" என்று அழுதது. "புத்தகம்தான் போயிருச்சு!"

சுவர் முழுக்க மர முளைகள். ஒவ்வொரு முளையிலும் ஒரு தோல் பை. ஒவ்வொரு பையிலும் ஒரு புத்தகம். நடு முளையில் தொங்க வேண்டிய பெரிய பை மட்டும் தரையில் கிடந்தது. அதன் வாயிலிருந்து எட்டிப் பார்த்தது... ஒரு விறகுக்கட்டை!

தலைவருக்கு முகம் சிவந்தது.

"நாலு சுவிசேஷமா?!"

"ஆமா மெம்ஹிரே..."

அம்பாஜென் தீவில் எத்தனையோ புத்தகங்கள் உண்டு. ஆனால் 'புத்தகம்' என்று சும்மா சொன்னால் அது ஒன்றுதான். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். எந்தக் காலத்தில் எந்தக் கை எழுதியது என்று யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஹோசன்னா திருநாள். குருத்தோலையோடு கோயிலைச் சுற்றி வந்து நாலு திசைக்கும் அதை வைத்துத்தான் படிக்க வேண்டும். இன்றைக்கு வெள்ளி!

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

"வேற யார்கிட்ட?"

"யார்கிட்டயும் இல்ல மெம்ஹிரே."

"அப்ப நீதான்!"

அப்பா லிபானோஸ் மீசை முளைக்கும் வயதில் இந்தத் தீவுக்கு வந்தவர். அப்புறம் கரையைத் தொட்டதே இல்லை. இந்தத் தீவை விட்டால் அவருக்கு உலகத்தில் போக்கிடம் கிடையாது.

மெம்ஹிர் தெக்லே கெட்டவர் அல்ல. ஆனால் கோபம் வந்தால் மூளை வெளியூர் போய்விடும் ஆசாமி.

"கேட்டுக்கோ! இன்னிக்கு நோன்பு திறக்கிற மணி அடிக்கறதுக்குள்ள புத்தகம் அந்த முளையில தொங்கணும். இல்லாட்டி சாவி என் கையில... நீ விலங்கோட படகுல!"

சொல்லிவிட்டு அங்கிக்குள் கைவிட்டு செல்போனை எடுத்தார். ஏரிக்கு அக்கரையிலுள்ள பாஹிர் தார் ஊர் போலீஸுக்கு அடித்தார்.

"ஒரு படகும் தீவை விட்டு நகரக் கூடாது!" என்று கத்தினார். "நாணல் படகையெல்லாம் கரையில ஏத்திக் கட்டுங்க!"

"போலீஸை யாரு கூட்டிட்டு வர்றது?" என்று கேட்டார் கிதானே.

தலைவர் யோசித்தார். தீவில் மோட்டார் படகு ஒன்றே ஒன்றுதான். பெலாச்சவுடையது. பாஹிர் தாரின் பெரிய தகர வியாபாரி. கோயிலுக்குத் தகரக் கூரை போட்டவர். தண்ணீர் பம்பு வைத்தவர். நேற்றுச் சாயங்காலம்கூட ஜரிகைக் குடை ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டு வந்தார். ஏரியில் காற்று கிளம்பிவிட்டதால் விருந்தினர் குடிசையிலேயே தங்கிவிட்டார்.

"பெலாச்சவ் போகட்டும். அவர் நம்மாளு."

நம்மாளு கிளம்பினார்.

* * *

பாஹிர் தார் படகுத்துறை.

பெலாச்சவ் எஞ்சினை அணைக்கக்கூட இல்லை. துறையில் இரண்டு பேர் ஏற்கெனவே தயாராக நின்றிருந்தார்கள்.

ஒருவன், கான்ஸ்டபிள் அயலேவ். நோன்பில் பாதியாக இளைத்திருந்தான். அதற்கு முன் எப்படி இருந்திருப்பான் என்று யோசித்தால் பயமாக இருந்தது.

இன்னொருவர்...

இன்ஸ்பெக்டர் வொர்க்நேஷ்! முப்பத்தைந்து வயசு. தோளில் வெள்ளைச் சால்வை, இடுப்பில் துப்பாக்கி.

பெலாச்சவின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது.

"அம்மணி... நீங்களா? அந்தத் தீவுல பொம்பளை கால் வைக்கக் கூடாதே! கோழியில கூட சேவல்தான் இருக்கு!"

"தெரியும் அய்யா. வேற ஆள் இல்ல. எல்லாரையும் ஹோசன்னா பந்தோபஸ்துக்கு அனுப்பிட்டாங்க." ஒரே தாவலில் படகுக்குள் குதித்தாள். "தீவுலதானே கால் வைக்கக் கூடாது? ஏரியில வைக்கலாமில்ல? படகுலயே உக்காந்து விசாரிப்பேன்."

"நான் ஒரு நிமிஷம் வீட்டுக்குப் போயிட்டு..."

"நேரம் இல்ல. வண்டியை விடுங்க."

படகில் இரண்டு பலகைகள். முன்னால் ஒன்று, வெயிலில். பின்னால் ஒன்று, துணிக் கூரையின் நிழலில். பின்பலகை சாமான் பெட்டியின் மூடியும்கூட. வொர்க்நேஷ் நிழல் பக்கம் நகர்ந்தாள்.

"அங்க வேணாம்!" பெலாச்சவ் குறுக்கே வந்தார். "பலகை ஆடுது! தண்ணியில விழுந்துடுவீங்க!"

வொர்க்நேஷ் தோளைக் குலுக்கிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தாள்.

பெலாச்சவ் நின்றுகொண்டே ஓட்டினார்.

* * *

அம்பாஜென் படகுத்துறை. கல் படிகள். படிகளுக்குக் கீழே தண்ணீரில் ஆடும் படகு. படகில் இன்ஸ்பெக்டர்.

"அயலேவ், நீதான் என் காலு, கண்ணு எல்லாம். மேல போய் எல்லாத்தையும் பார்த்துட்டு ஓடி வா."

"ஓடியா மேடம்? காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி..."

"போய்யா!"

போனான். வந்தான்.

"மேடம், பூட்டு உடையல. ஜன்னலே இல்ல. விறகுக்கட்டை மடத்து விறகுதான்."

"மோப்பம் பிடிச்சுப் பார்த்தியா?"

"சமையல்கட்டுல பருப்பு வாசனை வருது மேடம்."

"யோவ்!"

"சாரி மேடம். சாவிக்காரரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

கடைசிப் படியில் அப்பா லிபானோஸ் நின்றார். கண் தண்ணீரையே பார்த்தது.

"அப்பா, என்னைப் பார்த்துப் பேசுங்க."

"பொம்பளை முகத்தைப் பார்த்து ரொம்ப வருஷம் ஆச்சும்மா."

"பரவாயில்ல, பாருங்க."

பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"கோபமா இருக்கு. எங்க அம்மா மாதிரி."

வொர்க்நேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எடுத்தது நீங்களா?"

இல்லை என்று தலையசைத்தார் கிழவர்.

"அம்மா... ஒரு காலத்துல படை வந்துச்சு. தீவையே கொளுத்தினாங்க. அப்ப இருந்த சாவிக்காரர் அந்தப் புத்தகத்தை நாணல் படகுல ஏத்தி ஏரி நடுவுல கிடந்தாரு. இன்னொரு தடவை கூரை பத்திக்கிச்சு. ஒருத்தர் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வெளிய வந்தாரு. அவர் முதுகு வெந்துபோச்சு... புத்தகத்துல ஒரு பொட்டு விழல. அப்படிக் காப்பாத்திக் காப்பாத்திக் கொடுத்தாங்கம்மா. கடைசியில என் கைக்கு வந்து... படையும் இல்ல, தீயும் இல்ல... சும்மா தொலைச்சுட்டேன்!"

உட்கார்ந்து அழுதார்.

அயலேவ் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மேடம், இவரு இல்ல மேடம்."

"எனக்கும் தெரியுதுய்யா. ஆனா அந்த மெம்ஹிருக்குத் தெரியணுமே?"

மேலே திரும்பிப் பார்த்தாள். தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாயும் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெலாச்சவ் படகின் ஓரத்தில் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடி.

"உக்காருங்களேன் அய்யா."

"முதுகு வலி அம்மணி. உக்காந்தா எழுந்திரிக்க முடியாது."

* * *

அடுத்தது கிதானே.

"அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தானே நீங்க பிரதி எழுதறீங்க?"

"ஆமா. மத்தேயு முடிஞ்சுது. மாற்கு முடிஞ்சுது. லூக்கா பாதியில நிக்கறார். ஆடுங்க எங்களைக் கண்டாலே ஓடுது."

"பழசை வித்துட்டு, புதுசை அந்த இடத்துல தொங்க விடலாம்னு..."

கிதானேக்கு மூக்கு விடைத்தது.

"பாதி லூக்காவை வச்சுக்கிட்டா? யோவானை நானே கற்பனையில எழுதணுமா? பார்த்து எழுதற ஏட்டையே திருடிட்டு எதைப் பார்த்து எழுதுவேன்? சமையல்காரன் அடுப்பைத் திருடுவானாம்மா?"

"திருட மாட்டான்."

"பின்ன! என்னைக் கேக்கறதை விட்டுட்டு அந்தப் பையனைக் கேளுங்க. அந்த மொழிபெயர்ப்பு!"

அந்த மொழிபெயர்ப்பைக் கூட்டி வரவே தேவை இருக்கவில்லை. மெம்ஹிர் தெக்லேயே அவனைப் பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு படியிறங்கினார்.

"இவன்தான்! இவனை உள்ள விட்டதுலேர்ந்தே எனக்கு மனசு சரியில்ல!"

ஜெலெகே. கண்ணாடி போட்ட இளைஞன். பல்கலைக்கழகப் படிப்பு. கீஸ் என்ற பழைய மொழியில் உள்ள மடத்து வேதத்தைத் தன் ஊர் அவி மொழிக்குக் கொண்டுபோகிற வேலை. மாதக்கணக்கில் இங்கேயே கிடக்கிறான்.

"சந்தையில வெங்காயம் விக்கற பாஷையில வேதமாம்!" என்றார் தலைவர்.

"வெங்காயம் வாங்கறவங்களுக்கும் சொர்க்கம் வேணுமில்ல மெம்ஹிரே?" என்றான் ஜெலெகே. "கீஸுக்கே இது கிரேக்கத்துலேர்ந்து வந்ததுதான். அன்னிக்கும் யாராவது ஒரு மெம்ஹிர் கரையில நின்னு திட்டியிருப்பாரு."

"பாருங்க! வாயைப் பாருங்க! இவனுங்க பாதியை விட்டுட்டு, மீதியை மாத்தி எழுதறவனுங்க!"

"மெம்ஹிரே, கொஞ்சம் சும்மா இருங்க." வொர்க்நேஷ் ஜெலெகேயைப் பார்த்தாள். "உன் பையைச் சோதிச்சாச்சு. ஒண்ணும் இல்ல. ஆனா புத்தகத்தை வெளிய கொண்டு போக ஆசை இருந்திருக்கும்தானே?"

ஜெலெகே போனை எடுத்து நீட்டினான். திரையில் பழுப்புத் தோல். கறுப்பு எழுத்து. பரிசுத்தப் பெயர்கள் மட்டும் சிவப்பு.

"ஒவ்வொரு பக்கமும் படமா இருக்கு மேடம். அப்பா லிபானோஸ் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா திருப்பிக் குடுத்தாரு. எனக்கு எதுக்கு ஒரு மூட்டைத் தோல்?"

"மேடம், நியாயமா பேசறான்," என்றான் அயலேவ்.

"நீ யார் பக்கம்யா?"

"பசியில எல்லாரும் நல்லவங்களா தெரியறாங்க மேடம்."

வொர்க்நேஷ் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். சாவிக்காரர் இல்லை. எழுதுகிறவர் இல்லை. மொழிபெயர்க்கிறவன் இல்லை. பிறகு யார்? மாற்கா, லூக்காவா? அவர்களே எழுந்து நடந்து போனார்களா?

"அம்மணி," பெலாச்சவ் தொண்டையைச் செருமினார். "வெயில் கொளுத்துது. பக்கத்துத் தீவுல கன்னியர் மடம் இருக்கு. அங்க இறக்கி விடறேன். நிழல்ல இருந்துட்டு அப்புறமா வாங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல அய்யா. பாவம், நீங்கதான் கஷ்டப்படறீங்க. காலைப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு! உக்காருங்க."

"நேர்த்திக்கடன் அம்மணி. நோன்பு முடியற வரைக்கும் உக்கார்றதில்லைன்னு..."

"அப்ப முதுகு வலி?"

"அதுவும்தான்."

வொர்க்நேஷ் அவரைப் பார்த்தாள்.

நிழலில் காலியாகக் கிடந்த பலகையைப் பார்த்தாள்.

மறுபடி அவரைப் பார்த்தாள். அகலமான உடம்பு. வெறும் வயிறு. யானைக்கால் மாதிரி பாதம். படகு ஓட்டும்போது நிற்கலாம், சரி. கட்டிப் போட்ட படகில் நாள் முழுக்க எவன் நிற்பான்?

சட்டென்று படிப் பக்கம் திரும்பினாள்.

"அப்பா லிபானோஸ்! புத்தகத்தை ஏன் முளையில தொங்க விடறீங்க? ஒரு பலகையில வைக்கலாமே?"

"ஐயோ, மனுஷன் கால் படற உயரத்துல வைக்கலாமாம்மா? தரையில வைக்கவே கூடாது. உக்கார்ற இடத்துல வைக்கவே கூடாது."

"மறந்து யாராவது அது மேல உக்காந்துட்டா?"

கிழவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "வாயைக் கழுவும்மா! கொலைகாரன்கூட அதைச் செய்ய மாட்டான்! கை வெட்டினாலும் வெட்டுவான், வேதத்து மேல உக்கார மாட்டான்!"

"திருடன்?"

"திருடனும் கோயிலுக்குப் போறவன்தானேம்மா!"

பெலாச்சவ் திடீரென்று ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்ன அய்யா பார்க்கறீங்க?"

"மீன்... மீன் பார்க்கறேன். மீன் பார்க்கத்தான் நிக்கறேன்!"

ஒரு மனுஷன் நிற்பதற்கு மூன்று காரணம் சொன்னால், சொல்லாத நாலாவது ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷ போலீஸ் அனுபவம்!

"யோவ் அயலேவ்! படகுக்கு வா."

வந்தான்.

"அந்த நிழல் பலகை மேல ஏறி நில்லு. பூட்ஸோட."

"எதுக்கு மேடம்?"

"குதி."

"குதிக்கணுமா?"

"நல்லா குதி."

அயலேவ் அந்தப் பலகையை நோக்கிக் காலைத் தூக்கினான்...

"எடுடாஆஆ காலை!!"

பெலாச்சவ் பாய்ந்தார்! கான்ஸ்டபிளின் பூட்ஸ் காலை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார். படகு சாய்ந்தது. அயலேவ் துணிக் கூரையைப் பிடித்தான். துணிக் கூரை கிழிந்தது. இரண்டு பேரும் படகின் நடுவில் உருண்டார்கள்.

"மிதிக்காதேடா பாவி! கீழ நாலு பேர் இருக்காங்க! மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்!"

வொர்க்நேஷ் நிழல் பலகையின் பக்கம் நகர்ந்தாள்.

"நன்றி அய்யா," என்றாள் வொர்க்நேஷ். "பேரோட சொன்னதுக்கு."

* * *

பெட்டிக்குள் கயிறுகள். மிதவைச் சட்டைகள். அவற்றுக்கு மேல், மூன்று சுற்று வெள்ளைப் பட்டில்... புத்தகம்!

வொர்க்நேஷ் சால்வையால் தலையை மூடிக்கொண்டு அதை முத்தமிட்டாள். படியில் நின்ற அப்பா லிபானோஸின் கைகளில் கொடுத்தாள். அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என்னவோ சொன்னார். அழுகையில் யாருக்கும் புரியவில்லை. சந்தோஷம் என்பது மட்டும் எல்லாருக்கும் புரிந்தது.

"இது எப்பய்யா இங்க வந்துச்சு?" என்றான் அயலேவ்.

"நேத்து சாயங்காலம்," பெலாச்சவ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "குடையை உள்ள வைக்க அப்பா கூட்டிட்டுப் போனாரு. 'தீர்த்தம் குடுங்கப்பா'ன்னேன். எடுக்கப் போனாரு. மடத்து விறகுல உருவி ஒளிச்சு வச்சிருந்த கட்டையைப் போட்டுட்டு இதை அங்கிக்குள்ள வச்சுக்கிட்டேன். படகுல வச்சா காத்து கிளம்பிருச்சு. காலையில கிளம்பலாம்னா அலறிட்டாரு. ஊருக்குப் போனா வீட்டுல இறக்கிடலாம்னு பார்த்தேன்... துறையிலயே அம்மணி நிக்கறாங்க! அப்புறம் இறங்கவே மாட்டேங்கறாங்க!"

"இறங்க விட மாட்டீங்களே," என்றாள் வொர்க்நேஷ். "பொம்பளை வரக் கூடாதுன்னு ஒரு வழக்கம் இல்லாட்டி நான் மேல போயிருப்பேன். நீங்க பெட்டியோட கம்பி நீட்டியிருப்பீங்க. யாருக்கு விக்கப் பார்த்தீங்க? வெளிநாடா?"

பெலாச்சவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"விக்கறதா? வேதத்தையா? என்னை என்னன்னு நினைச்சீங்க?!"

"பின்ன எதுக்கு?"

அவர் மெம்ஹிரைப் பார்த்தார். அழுதேவிட்டார்.

"புத்தகத்துக்கு ஆடு குடுத்தவங்க பேரு அதுல எழுதியிருக்கில்ல? யாரோ ஒரு சீமாட்டி! செத்து எத்தனை நூறு வருஷம் ஆச்சு! வருஷா வருஷம் ஹோசன்னாவுக்கு அந்தம்மா பேரைப் படிச்சு ஜெபம் பண்றாங்க. நான் கூரை போட்டேன், பம்பு வச்சேன், குடை குடுத்தேன். எவனாவது என் பேரைச் சொல்றானா? ஊர்ல ஒருத்தன்கிட்ட குடுத்து அந்தம்மா பேரைச் சுரண்டிட்டு என் பேரை எழுதி, ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்ச மாதிரி கொண்டு வந்து..."

"சுரண்டறதா?!" கிதானே பேனாவோடு படகுக்குள் பாயப் போனார். ஜெலெகே இடுப்பைப் பிடித்து இழுத்தான்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே!" என்றார் தலைவர்.

"கேட்டேன்! 'கூரை போட்டியே, அதுல எழுதிக்கோ'ன்னீங்க!"

தலைவர் இருமினார். அப்புறம் ஒரு காரியம் செய்தார். மெதுவாகப் படியிறங்கி, அத்தனை பேர் முன்னாலும், அப்பா லிபானோஸின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"லிபானோஸ்... நாக்குல சனி. மன்னிச்சிடு."

"எழுந்திருங்க மெம்ஹிரே. கையில புத்தகம் இருக்கு, என்னால குனிய முடியாது."

அந்த நேரம் பார்த்து மேலே மணியாகத் தொங்கும் கல் ஒலித்தது. டங்... டங்... நோன்பு திறக்கும் மணி! அயலேவ் சிலுவை போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"விலங்கை அப்புறம் மாட்டுங்கம்மா," என்றார் அப்பா லிபானோஸ். "அவரும் காலையிலேர்ந்து சாப்பிடல. நின்னுக்கிட்டே வேற இருந்திருக்காரு."

படியிலேயே இஞ்செரா அப்பமும் பருப்பும் வந்தன. திருடன், போலீஸ், துறவி எல்லாரும் ஒரே தட்டில் பிய்த்துத் தின்றார்கள். பெலாச்சவ் காலையிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தார். அந்த முகத்தில் தெரிந்த சுகத்தை எழுத என்னிடம் வார்த்தை இல்லை.

தலைவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பெலாச்சவ், உம்ம பேரு புத்தகத்துல ஏறும்."

"மெம்ஹிரே!" பெலாச்சவ் துள்ளினார். "நிஜமாவா?!"

"நிஜமாத்தான். புத்தகத்துக்கு நடந்ததைப் புத்தகத்தோட கடைசித் தோல்ல எழுதணும்ங்கறது எங்க வழக்கம். படை வந்தது, தீப்பிடிச்சது எல்லாம் இருக்கு. ஒரு குதிரைக்காரன் திருடினது கூட இருக்கு. பாட்டன் பூட்டன் காலத்து ஆளு, இன்னும் அவன் பேரைப் படிக்கறோம். கிதானே, எழுது."

கிதானே ஏற்கெனவே மைக்கொம்பைத் திறந்திருந்தார். எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார்.

"'தகர வியாபாரி பெலாச்சவ்... இந்தப் புத்தகத்தைத் திருடினார்... படகுப் பெட்டியில் ஒளித்தார்...'"

பெலாச்சவின் வாயிலிருந்த இஞ்செரா அப்படியே நின்றது.

"அது மேல உக்காரலைங்கறதையும் எழுதுங்க," என்றார் அப்பா லிபானோஸ். "அது உண்மைதானே?"

"'...ஆனால் மேலே உட்காரவில்லை. பிடிபட்டார்.' முடிஞ்சுது."

"இதை... ஞாயித்துக்கிழமை படிப்பாங்களா?"

"நாலு திசைக்கும்," என்றார் தலைவர்.

"என் சம்பந்தி வருவாரு மெம்ஹிரே!" பெலாச்சவ் கிதானேயின் கையைப் பிடித்தார். "கிதானே, உங்க புதுப் பிரதியிலயாவது..."

"பார்த்து எழுதறவன் ஒரு வரியை விட்டா நரகம்யா. யோவான் முடிஞ்சதும் அடுத்தது நீங்கதான்."

கடைசி நம்பிக்கையாக பெலாச்சவ் அந்தக் கண்ணாடிக்காரப் பையனிடம் திரும்பினார்.

"தம்பி... உன் அவி மொழியிலயாவது இதை விட்டுடேன். அந்தப் பக்கம்தான் எனக்கு வியாபாரமே!"

ஜெலெகே மெம்ஹிரை ஓரக்கண்ணால் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"மன்னிச்சிடுங்க அய்யா. எங்களைப் பத்தி இந்தத் தீவுல இருக்கற ஒரே புகாரே, பாதியை விட்டுடறோம்ங்கறதுதான்!"